மோரி இருபது அங்குலம்

1. சாக்கடை என்று நினைத்தேன்

டில்லியில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் டயரி செக்‌ஷனில் இருந்த என்னைத் திடீரென்று லிவரி சீட்டுக்கு மாற்றினார்கள். லிவரி என்றால் பியூன்களுக்கும் டிரைவர்களுக்கும் அரசாங்கம் தரும் யூனிஃபார்ம். துணி வாங்குவது, டெய்லரிடம் தைக்கக் கொடுப்பது, கையெழுத்து வாங்கிக்கொண்டு விநியோகம் செய்வது எல்லாம் அந்த சீட்டின் வேலை. எழுபதுகளின் நடுப்பகுதி அது. நான் மாயவரத்திலிருந்து கல்யாணமாகி கரோல் பாக் வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. என் இந்தி கறிகாய் வாங்கப் போதும். ஃபைல் பார்க்கப் போதாது.

முதல் வாரமே இந்தியில் கையால் எழுதிய மனு ஒன்று வந்தது. கீழே முப்பது பியூன்களின் கையெழுத்து. மோரி மிகவும் குறுகலாக இருக்கிறது, இதனால் அவமானமாக உள்ளது, தயவுசெய்து அகலப்படுத்தவும் என்பது வரை எழுத்துக்கூட்டிப் புரிந்துகொண்டேன். மோரி என்றால் எனக்குத் தெரியும். எங்கள் மாடிக்குக் கீழே இருந்த பஞ்சாபி அம்மாள் தினமும் காலையில் மோரி அடைத்துக்கொண்டது என்று கத்துவாள். சாக்கடை. பாவம், இவர்கள் உட்காரும் இடத்தில் சாக்கடை பொங்குகிறதாக்கும் என்று இரக்கப்பட்டு, "கட்டடப் பராமரிப்புப் பிரிவுக்கு அனுப்பலாம்" என்று நோட் எழுதினேன். செக்‌ஷன் ஆபீசர் குப்தா எதையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறவர் அல்ல. போட்டார்.

மூன்றாம் நாள் ஒரு ஓவர்சியரும் கடப்பாரையோடு இரண்டு ஆட்களும் என் மேஜை முன்னால் வந்து நின்றார்கள்.

"மோரி எங்கே இருக்கு, மேடம்ஜி?"

எங்கள் செக்‌ஷன் பியூன் பெருமாள் டீ கிளாஸ்களைக் கீழே வைத்துவிட்டுத் தன் காலைத் தூக்கிக் காட்டினான். "இதான் மோரி. எங்க ஒடைங்க பாப்போம்."

டில்லி டெய்லர்கள் பேண்ட்டின் கீழ்வாய்க்கும் மோரி என்றுதான் சொல்வார்களாம். செக்‌ஷனே சிரித்தது. ஓவர்சியர் மட்டும் சிரிக்கவில்லை. கடப்பாரை ஆட்கள் வந்துபோனதற்கு எழுத்தில் விளக்கம் கேட்டார்.

2. கத்தரிப்பூ முக்கோணம்

பெருமாளுக்கு அப்போது இருபத்துநாலு வயது இருக்கும். விழுப்புரம் பக்கம். அப்பா கட்டட வேலைக்கு டில்லி வந்தவர். குடும்பம் ஒரு குடிசைப் பகுதியில் இருந்தது. அங்கிருந்து முதன்முதலில் அரசாங்க வேலைக்கு வந்தவன் இவன்தான். அதுவும் டெம்பரரி.

அந்த நாளில் டில்லியில் ஆண்கள் எல்லோரும் பேண்ட்டால் தெருப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். இருபத்துநாலு அங்குலம், இருபத்தாறு அங்குலம். கீழ் விளிம்பு தேயாமலிருக்க உள்ளே ஜிப் வைத்துத் தைப்பார்கள். எங்கள் கிளார்க்குகள் நடந்தால் செருப்பே தெரியாது. பியூன்களுக்கு மட்டும் பதினாறு அங்குலம்.

"கேண்டீன்ல தட்டு கழுவறவன்கூட பெல்பாட்டம் போடறான் மேடம். எங்க பேண்ட்ட தூரத்துல பாத்தாலே பியூன்னு தெரிஞ்சிடுது" என்றான் பெருமாள்.

குப்தாவிடம் இதைச் சொன்னேன். "தெரியறதுக்குத்தானே யூனிஃபார்ம்?" என்றார்.

குளிர்காலம் வந்தது. கருநீல கம்பளிப் பேண்ட்டுகளைக் கொடுத்தோம். பெருமாள் தன் பேண்ட்டின் ஓரத் தையலை முழங்காலுக்குக் கீழே பிரித்து, முக்கோணமாகத் துணி வைத்துத் தைத்து பெல்பாட்டமாக்கிக்கொண்டான். அந்தத் துணியை நடைபாதைக் கடையில் சாயங்காலம் பல்பு வெளிச்சத்தில் வாங்கியிருக்கிறான். அப்போது கருநீலமாகத்தான் தெரிந்ததாம். மறுநாள் வெயிலில் பார்த்தால் அசல் கத்தரிப்பூ நிறம்.

அதோடு ஜாயிண்ட் செக்ரட்டரியின் அறைக்கு ஃபைல் கொண்டுபோனான். அவர் பார்த்தார். குப்தாவைக் கூப்பிட்டார். குப்தா என்னைக் கூப்பிட்டார்.

"அரசாங்கச் சொத்தைச் சேதப்படுத்தியதா மெமோ எழுதுங்க. ஜல்தி!"

மத்தியானம் பெருமாள் என் மேஜைப் பக்கம் வந்து நின்றான். சிரிப்பெல்லாம் போயிருந்தது. "மேடம், அடுத்த மாசம் பர்மனெண்ட் லிஸ்ட் போடறாங்க. மெமோ இருந்தா என் பேர எடுத்துடுவாங்க. பர்மனெண்ட் ஆனாத்தான் பொண்ணு குடுப்பேன்னு சொல்லியிருக்காங்க, எங்க மாமன் வீட்ல."

"அத இந்த முக்கோணம் வெக்கறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்."

"அந்தப் பொண்ணுதான் மேடம் பெல்பாட்டம் போடச் சொல்லிச்சி."

இதற்கு மேல் என்ன கேட்பது? பழைய ஃபைல்களைக் கட்டோடு இறக்கினேன். தும்மிக்கொண்டே இரண்டு நாள் படித்தேன். துணியின் ரகம், நிறம், பொத்தான் எத்தனை, பை எத்தனை, நீளம் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை என்று எல்லாம் இருந்தன. மோரியின் அகலம் மட்டும் எங்குமே இல்லை. டெய்லர் ஏதோ ஒரு காலத்தில் பதினாறு வைத்தார், அதுவே சட்டமாக நடந்து வந்திருக்கிறது.

மெமோவுக்குப் பதிலாக நோட் வைத்தேன். அகலத்தைப் பற்றி ஸ்பெசிஃபிகேஷன் மௌனமாக இருப்பதால் அகலம் கூட்டியது விதிமீறல் ஆகாது, நிறம் மாறியது மட்டுமே தவறு, அந்தத் துணியை எடுத்துவிடச் சொல்லலாம் என்று.

குப்தா அன்றைக்குத்தான் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு நோட்டை முழுக்கப் படித்தார். "உங்களை மோரியிலே தள்ளினது நான்தான்" என்று தலையில் அடித்துக்கொண்டு மேலே அனுப்பினார்.

பெருமாள் வாய்மொழி எச்சரிக்கையோடு தப்பினான். லிஸ்டில் பெயர் வந்தது. மாமன் வீட்டில் பெண்ணும் கொடுத்தார்கள். ஆனால் ஜாயிண்ட் செக்ரட்டரி என் நோட்டின் ஓரத்தில் ஒரு வரி எழுதிவிட்டார்: ஸ்பெசிஃபிகேஷன் மௌனமாக இருந்தால் அதைப் பேசவைக்க வேண்டும், மாதிரி பேண்ட்டுகளோடு வரவும்.

3. ஹீட்டர்

எங்கள் கான்ட்ராக்ட் டெய்லரை மாஸ்டர்ஜி என்போம். பதினாறு, இருபது, இருபத்துநாலு என்று மூன்று மாதிரி தைத்துக் கொண்டுவந்தார். போட்டுக் காட்ட பெருமாள். ஜாயிண்ட் செக்ரட்டரி அறையில் நான்கு அதிகாரிகள் உட்கார்ந்திருக்க, அவன் கார்ப்பெட்டில் போய்வந்து நடந்தான். பதினாறில் பியூன் மாதிரி நடந்தான். இருபதில் கிளார்க் மாதிரி. இருபத்துநாலில் டெபுடி செக்ரட்டரி மாதிரி நடந்து, மூலையில் இருந்த ரூம் ஹீட்டர் பக்கத்தில் ஸ்டைலாகத் திரும்பினான்.

கம்பளி கருகும் நாற்றம் முதலில் எனக்குத்தான் வந்தது. "பெருமாள், காலு!" என்று கத்தினேன். குப்தா கையிலிருந்த டீயை அப்படியே அவன் காலில் ஊற்றினார். நெருப்பு அணைந்தது. டீ சூடு தாங்காமல் பெருமாள் குதித்ததுதான் பெரிய காயம்.

"இருபத்துநாலு ஆபத்து. இருபதே போதும்" என்று ஜாயிண்ட் செக்ரட்டரி தீர்ப்புச் சொன்னார்.

ஃபைல் ஃபைனான்ஸுக்குப் போனது. கூடுதல் நான்கு அங்குலம் எதற்கு என்று கேட்டார்கள். மாடிப்படி ஏற வசதி என்று எழுதினேன். இதுவரை யாராவது படி ஏற முடியாமல் இருந்தார்களா என்று கேட்டார்கள். எதிர்காலத்தில் நேரலாம் என்று எழுதினேன். அந்த உத்தேசத்துக்கு ஆதாரம் கேட்டார்கள். இப்படியே குளிர்காலங்கள் போயின. நான் ப்ரமோஷனில் வேறு செக்‌ஷன் போனேன். குப்தா ரிட்டயர் ஆனார். பெருமாளுக்கு இரண்டு குழந்தைகள் பிறந்தார்கள்.

4. மூட்டை வந்தது

எண்பதுகள் தொடங்கிச் சில வருடம் கழித்து, நான் செக்‌ஷன் ஆபீசராகப் பழைய செக்‌ஷனுக்கே திரும்பினேன். அந்தக் குளிர்காலத்தில்தான், அனுமதி கிடைத்து, மோரி இருபது அங்குலத்தில் பேண்ட்டுகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கின.

அதற்குள் டில்லியில் பெல்பாட்டம் போட்டவன் ஒருவனும் இல்லை. எல்லாம் பென்சில் கட். பாதத்தில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு அதன்மேல் பேண்ட்டை வழுக்கவிட்டால்தான் கால் நுழையும். எங்கள் இளம் பியூன்கள் மூட்டையைப் பிரித்துப் பார்த்தார்கள், அப்படியே கட்டினார்கள். மறுநாள் மனு வந்தது: மோரி மிகவும் அகலமாக இருக்கிறது, அவமானமாக உள்ளது, தயவுசெய்து குறுக்கவும்.

இந்த முறை எனக்கு அகராதி தேவைப்படவில்லை. ஆனால் ஃபைலைத் திறந்தால் என்ன ஆகும் என்று தெரியும். நான் ரிட்டயர் ஆகும்போது பென்சில் கட் வந்து சேரும். அப்போது ஊர் லுங்கி கட்டிக்கொண்டிருக்கும்.

விதியில் "உடல்வாகுக்கு ஏற்பச் சிறு திருத்தங்கள் செய்யலாம்" என்று ஒரு வரி உண்டு. அதைப் பிடித்துக்கொண்டேன். மாஸ்டர்ஜியை வரவழைத்து, ஒவ்வொருவரையும் நிற்கவைத்து அவரவர் கேட்கிற மாதிரி பிடித்துக்கொடுக்கச் சொன்னேன். மனுவின் மேல் "திருத்தங்கள் செய்யப்பட்டன" என்று ஒரே வரி எழுதி முடித்தேன். ஆடிட்டில்கூட யாரும் மோரியை அளக்கவில்லை.

என் கீழ் வேலை பார்த்தவர்களுக்கெல்லாம் பிறகு சொல்லிக்கொண்டிருந்தேன்: ஸ்பெசிஃபிகேஷனில் ஓர் இடம் காலியாக இருந்தால் உடனே அதை நிரப்பக் கிளம்பாதீர்கள். யாரோ புத்திசாலி விட்டுவைத்த இடமாக இருக்கும்.

வரிசையில் கடைசியாகப் பெருமாள் வந்தான். மாஸ்டர்ஜி டேப்பைக் கணுக்காலுக்குக் கொண்டுபோய், "சொல்லு பையா, மோரி எவ்வளவு?" என்று கேட்டார்.

பெருமாள் என்னைப் பார்த்து வெட்கப்பட்டுச் சிரித்தான். "மோரி எப்படியோ இருந்துட்டுப் போவட்டும் மேடம். இடுப்புல ரெண்டு இஞ்ச் விடச் சொல்லுங்க."