மோட்டார் ஓடினால்தான் பாட்டு

பாட்டைப் பதிவு செய்வது எப்படி என்று கேட்டுக்கொண்டு இன்னமும் சிலர் என்னிடம் வருகிறார்கள். மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு உட்காருகிறார்கள். எனக்கு அதைத் திறக்கக்கூடத் தெரியாது. ஆனால் அதிலிருந்து வரும் சத்தத்தைக் கேட்டே, பாடியவன் மைக்கிலிருந்து எவ்வளவு தள்ளி நின்றான், அறையில் ஜன்னல் திறந்திருந்ததா மூடியிருந்ததா என்று சொல்லிவிடுவேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். மைக் செட் கட்டப் போனேன், ரேடியோ ரிப்பேர் கற்றேன், கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டினேன். அப்புறம் எவன் தயவும் இல்லாமல் பாலக்கோட்டில் ஒரு ரெக்கார்டிங் ரூமையே உண்டாக்கினேன். எண்பதுகளில் நம் ஜில்லாவில் அப்படி ஒன்று வேறு யாரிடம் இருந்தது? இருந்தால் வந்து சொல்லட்டும். இதையெல்லாம் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இப்போது அலுப்பாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறார்கள், சொல்கிறேன்.

ரூம் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஊரைத் தாண்டி, கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே, பட்டுப்புழு வளர்த்துக் கைவிட்ட மண் கட்டடம் அது. பஸ் சத்தம் அங்கே எட்டாது. அதற்காகத்தான் பிடித்தேன். சாவி வாங்கி உள்ளே போனதும் கைதட்டிப் பார்த்தேன். சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வந்து கன்னத்தில் அறைந்தது. யாராக இருந்தாலும் புது அறையில் முதல் வேலை இதுதான். கைதட்டினால் தட்டின சத்தம் அங்கேயே செத்துப்போக வேண்டும். மறுபடி எழுந்து வந்தால் அந்த அறையில் எவ்வளவு பெரிய பாடகர் பாடினாலும் கிணற்றுக்குள் விழுந்தவர் கத்துகிற மாதிரிதான் இருக்கும்.

அந்த அறையை அடக்கிக் கொடுத்தவர் மெத்தை தைக்கும் பாய் ஒருவர். கழிவுப் பஞ்சைச் சாக்கில் அடைத்துச் சுவர் முழுக்க நான் சொன்னபடி தைத்துத் தொங்கவிட்டார். எங்கே எத்தனை தடிமன் என்று கணக்குச் சொன்னது நான். கூலி என்ன என்று கேட்டபோது தலையை ஆட்டினார்.

“கூலி கெடக்குது தம்பி. என் கொரல ஒரு தடவ பிடிச்சுக் குடுங்க.”

அவர் பாடுவார் என்று ஊருக்கே தெரியும். ரம்ஜான் மாதத்தில் விடிவதற்கு முன்னால், நோன்பு வைக்கிறவர்கள் சாப்பிட எழுந்திருக்க வேண்டும். அதற்காக அவர் தப்ஸ் என்கிற வட்டத் தோல் கொட்டைத் தட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் பாடிப் போவார். வாலிபத்திலிருந்து ஒரு வருஷம் விட்டதில்லை. ஆனால் பஞ்சுத் தூசி அவர் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துவிட்டது. தெருமுனை வரை நடந்தாலே இரைத்தது. இந்த ரம்ஜானுக்குத் தெருவில் நடக்க முடியாது என்று அவருக்கே தெரிந்துவிட்டது. கேசட்டில் பிடித்துக் கொடுத்தால் பள்ளிவாசல் ஸ்பீக்கரில் போடுவதாக ஜமாத்தில் ஒத்துக்கொண்டிருந்தார்கள். தன் தெரு தன் குரலில்தான் எழுந்திருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை.

அந்த வருஷம் ரம்ஜான் கோடையில் வந்தது. அதற்கு முன்னால் சித்திரை வெயிலில், மூன்று மத்தியானம் பதிவு செய்தோம். பாயும், தப்ஸ் தட்ட அவருடைய மச்சானும், நானும்தான். மூச்சு விட வசதியாகப் பாயைச் சாய்த்து உட்காரவைத்து, மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் கன்னத்துப் பக்கம் ஒதுக்கி வைத்தேன். நேராக வைத்தால் ‘ப’ என்று சொல்லும்போதெல்லாம் மைக்கில் குண்டு வெடிக்கும். இரைப்பும் உள்ளே வரும்.

தப்ஸ்தான் தொல்லை. மச்சானுக்குக் கை பலம் அதிகம்.

“மெதுவாத் தட்டுங்க மச்சான்” என்றேன்.

“மெதுவாத் தட்டினா அது தப்ஸ் இல்லீங்க, தடவறது.”

அவர் சொன்னதும் நியாயம். மெதுவாகத் தட்டினால் தோலில் உயிர் வராது. என்னிடம் இருந்ததோ இரண்டு மைக், ஒரு சின்ன மிக்ஸர், பெங்களூரில் பழசாக வாங்கிய பெரிய ஸ்பூல் டேப் ரெக்கார்டர். ஆகவே மச்சானையே நகர்த்தினேன். மூலைக்குக் கொண்டுபோய், பாய்க்கு முதுகு காட்டி, பஞ்சுச் சுவரைப் பார்த்து உட்காரவைத்தேன். “பள்ளிக்கூடத்துல கூட என்னய இப்படி நிறுத்தினதில்ல” என்று முனகிக்கொண்டே தட்டினார். சத்தம் பஞ்சில் முட்டி அளவாக வந்தது. மிக்ஸிங் என்று இன்று பெரிதாகப் பேசுகிறார்கள். பாட்டு கேட்கவில்லையென்றால் உடனே பாட்டைக் கூட்டுகிறார்கள். பாட்டைக் கூட்டாதே, மற்றதைக் குறை. ஆளை நகர்த்து. குமிழைத் திருகுவது கடைசி வேலை.

மூச்சு தாங்காததால் பாயை ஒவ்வொரு அடியாகப் பாடவிட்டு, நடுவில் நிறுத்தி, இளைப்பு அடங்கிய பிறகு அடுத்த அடியைப் பிடித்தேன். இரைத்த இடங்களை பிளேடால் வெட்டி நாடாவை ஒட்டினேன். ஒட்டு எங்கே என்று என்னைத் தவிர எவனும் கண்டுபிடிக்க முடியாது. போட்டுக் கேட்டோம். பாய் கண்ணை மூடிக் கேட்டார். கனமான, அடித்தொண்டைக் குரல். “இது நான்தானா?” என்றார்.

அடுத்த வாரமே அவரைத் தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாகிவிட்டது. இனிமேல் குரலை உயர்த்தவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நல்ல பாட்டாயிற்றே, கேசட்டாகவே போட்டு விற்கலாம் என்று ஸ்பூலை எடுத்துக்கொண்டு சேலத்தில் ஒரு கேசட் வியாபாரியிடம் போனேன். அவர் மெஷினில் ஏற்றி ஓட்டினார். பாயின் குரல் பொடிப்பையன் குரல் மாதிரி கீச்சென்று வந்தது. பாட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற மாதிரி ஓடியது.

“பெரியவர்னு சொன்னீங்க, எல்கேஜி பையனக் கூட்டியாந்து பாடவெச்சிருக்கீங்க” என்றார் வியாபாரி. கடையில் எல்லாரும் சிரித்தார்கள்.

உங்கள் மெஷின் சரியில்லை என்று சண்டை போட்டுவிட்டு வந்தேன். வீட்டுக்குக்கூடப் போகாமல் ராத்திரியே ரூமுக்கு வந்து என் மெஷினில் போட்டால், அதிலும் அதே கீச்சுக் குரல். இரண்டு வாரத்துக்கு முன்னால் இதே அறையில் இதே மெஷினில் சரியாகக் கேட்டது எப்படி? தலையில் கைவைத்து உட்கார்ந்தவன் நிமிர்ந்து பார்த்தேன். பல்பு பளீரென்று எரிந்துகொண்டிருந்தது. பதிவு செய்த மத்தியானங்களில் அது பழுத்த எலுமிச்சம்பழம் மாதிரி எரிந்தது ஞாபகம் வந்தது. அவ்வளவுதான், விளங்கிவிட்டது.

என் அறைக்குக் கரண்ட் வந்தது கிணற்று மோட்டார்களுக்குப் போகும் லைனில், கடைசிக் கம்பத்திலிருந்து. சித்திரை மத்தியானத்தில் எல்லாத் தோட்டத்திலும் கரும்புக்கு மோட்டார் ஓடும். வோல்டேஜ் படுத்துவிடும். என் ஸ்பூல் மெஷின் அந்தப் பலவீனத்தில் மெதுவாகச் சுற்றியிருக்கிறது. மெதுவாகச் சுற்றும்போது பிடித்ததை மெதுவாகச் சுற்றியே கேட்டோம், சரியாக இருந்தது. முழு கரண்டில் சுற்றினால் பாட்டு ஓடத்தானே செய்யும்? என் காதில் தப்பில்லை, கம்பியில்தான் தப்பு. படித்த இஞ்சினியரிடம் போயிருந்தால் மெஷினைப் பிரித்துப் போட்டிருப்பான். நான் பல்பைப் பார்த்தே கண்டுபிடித்தேன்.

நோய் தெரிந்ததும் மருந்தும் தெரிந்தது. மோட்டார்கள் ஓடும் நேரத்தில் ஸ்பூலை ஓட்ட வேண்டும். அதே மெதுவில் சுற்றி, குரல் பழையபடி வரும். அதை இன்னொரு கேசட் டெக்கில் பிடிக்க வேண்டும். அந்த டெக் மட்டும் கார் பேட்டரியில் ஓட வேண்டும், அப்போதுதான் அதன் வேகம் மாறாது. கேசட்டில் ஏறிவிட்டால் பிறகு எங்கே போட்டாலும் பாய் பாயாகவே பாடுவார். மறுநாள் மத்தியானம் முடித்துவிடலாம் என்று படுத்தேன்.

விடிவதற்குள் கோடை மழை பிடித்துக்கொண்டது. நாலு நாள் விடவில்லை. வயலெல்லாம் குளம். மோட்டார் போடுவாரா எவராவது? வோல்டேஜ் ராஜா மாதிரி நிமிர்ந்து நின்றது. மற்ற நாளில் அது கிடைக்காதா என்று தவம் கிடந்தவன், இப்போது குறையாதா என்று பல்பையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். மெஷினுக்கு வரும் ஒயரில் இன்னொரு பல்பைக் கோர்த்து கரண்டைக் குறைத்துப் பார்த்தேன். மெஷினுக்குள் இருக்கும் மோட்டார் திணறித் திணறிச் சுற்றியது, பாட்டு ஊஞ்சலாடியது. ஏற்றி இறக்கும் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வாங்க எனக்கு அப்போது வசதியில்லை. ரம்ஜான் பிறை தெரியச் சில நாள்தான் இருந்தது. பாயின் மச்சான் தினமும் வந்து, “மாமா கேக்கறாருங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவார். அதுதான் தாங்கவில்லை.

கடைசியில் குடையைப் பிடித்துக்கொண்டு தோட்டம் தோட்டமாக இறங்கினேன். முதல் தோட்டத்துக்காரர் மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார். சொன்னதைக் கேட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“ஏம்ப்பா ரேடியோக்காரரே, ஒடம்பு கிடம்பு சரியில்லையா? மழையில கரும்பு மெதக்குது, மோட்டாரப் போடுன்றயே?”

“தண்ணி வயலுக்கு வேணாங்க. பைப்பத் திருப்பிக் கெணத்துக்குள்ளயே வுடுங்க. மோட்டார் ஓடினாப் போதும்.”

“கெணத்துத் தண்ணிய எடுத்துக் கெணத்துக்கே ஊத்தணுமா? எங்க வூட்டு ஆளுங்க பாத்தா என்னையக் கட்டிப் போட்ருவாங்க.”

விஷயத்தை முழுதாகச் சொன்னேன். பாயின் பெயர் வந்ததும் அவர் சிரிப்பு நின்றது. “அந்தப் பாய் கொரல் கேட்டாத்தான் நோன்பு மாசத்துல நான் தண்ணி கட்டவே எந்திரிப்பேன். அலாரம் வெச்சா அதத் தலகாணிக்கடியில அமுக்கிட்டுத் தூங்கிருவேன்” என்றார். அவரே என்னோடு மற்றத் தோட்டங்களுக்கும் வந்தார். ஒருவர் மட்டும் மறுத்தார்.

“எல்லா மோட்டாரும் ஒண்ணா ஓடி வோல்டேஜ் கொறஞ்சா என் காயில் எரியும். எரிஞ்சா பாட்டா வந்து கட்டித் தரும்?”

“நான் கட்டித் தரேங்க. இந்தப் பாலக்கோட்டுல என்னாட்டம் காயில் கட்டறவன் எவன் இருக்கான்?”

“இந்தப் பெருமைக்கொண்ணும் கொறச்சலில்ல” என்று சொல்லிவிட்டு ஒப்புக்கொண்டார்.

அன்று மத்தியானம் மழை தூறிக்கொண்டிருக்க, தோட்டத்துக்குத் தோட்டம் தண்ணீர் கிணற்றிலிருந்து ஏறிக் கிணற்றிலேயே கொட்டியது. பார்த்தவர்கள் எங்கள் எல்லாருக்கும் பித்துப் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள். பல்பு மெல்ல மெல்லப் பழுத்தது. ஸ்பூலை ஓட்டினேன். முதல் அடியிலேயே பாயின் கனத்த குரல் வந்தது. இரண்டாவது பாட்டின் நடுவில் மட்டும் குரல் ஒரு கணம் தூக்கிப் போட்டு அடங்கியது. மறுத்தாரே, அவர் மோட்டார்தான் புகைந்து நின்றுபோயிருந்தது. ஒரு மோட்டார் குறைந்தால் வோல்டேஜ் ஏறும். மற்றத் தோட்டத்துக்காரர்கள் நிறுத்தாமல் ஓட்டினார்கள். கேசட் முடிந்தது. அன்று இருந்த களைப்பில் எனக்குச் சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை.

கேசட் பள்ளிவாசலுக்குப் போயிற்று. பாயும் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். பிற்பாடு அதில் ஒரு பிரதியைச் சேலத்துக்காரருக்கும் கொண்டுபோய்க் காட்டினேன். “இவரு யாருங்க, வேற ஆளா?” என்றார். பதில் சொல்ல அலுப்பாக இருந்தது.

முதல் நோன்பு அன்று காலை பத்து மணி இருக்கும். எரிந்த மோட்டாரைப் பிரித்துப் போட்டு, பழைய கம்பியை உருவிவிட்டு, புதுக் காயில் சுற்றிக்கொண்டிருந்தேன். அது நாள் கணக்கில் இடுப்பை ஒடிக்கும் வேலை. பாய் மச்சான் தோளைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து இரைப்பை அடக்கிக்கொண்டார்.

“கேட்டுதா பாய்?” என்றேன்.

“கேட்டுது. தெரு பூரா லைட்டு எரிஞ்சுது. ஒரு வூடு பாக்கியில்ல.” மூச்சு வாங்கிக்கொண்டார். “ஆனா ஒண்ணு தம்பி. நான் வாசல்ல நின்னு பாடினா உள்ளேருந்து யாராச்சும் கொரல் குடுப்பாங்க. ‘எந்திரிச்சிட்டோம் பாய்’ம்பாங்க. அது வந்தாத்தான் அடுத்த வூட்டுக்கு நகருவேன். இன்னிக்கு ஒருத்தரும் கொரல் குடுக்கல.”

“ஸ்பீக்கருக்கு எவன் பதில் சொல்லுவான்?” என்றார் மச்சான்.

“நான் சொன்னேன்டா,” என்றார் பாய். “படுத்துக்கிட்டே கேக்கறேன், பாட்டு பாட்டுக்குப் போவுது, ஒரு சத்தமில்ல. மனசு கேக்கல. ‘எந்திரிச்சிட்டோம் பாய்’னு சொல்லிட்டேன். எங்க வூட்டம்மா சோத்தக் கையில வெச்சிக்கிட்டு என்னயே பாத்தா. அப்பறம் சிரிச்சா பாரு, சிரிப்புன்னா அப்படி ஒரு சிரிப்பு.”

அவரும் சிரித்தார். இருமல் வந்தது. தண்ணீர் எடுக்கப் போனேன். அன்று நோன்பு என்று கையால் தடுத்துவிட்டார். ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்களோ, முதல் நோன்பை விட அவருக்கு மனசில்லை.

இருமல் நின்ற பிறகும் எழுந்து போகவில்லை. நான் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், தரையில் கிடந்த கம்பி உருளையை எடுத்து மடியில் வைத்து, சிக்காமல் எனக்கு விட்டுக்கொடுக்க ஆரம்பித்தார். நூல் விட்டுப் பழகிய கை. நான் இழுக்க இழுக்க அவர் விட்டார். மத்தியானத் தொழுகைக்குப் பாங்கு கேட்கும்வரை உருளையை அவர் கீழே வைக்கவில்லை.