பொட்டுக்குக் கீழே

செபஸ்டினை நான் பார்த்தது ஒரே ஒரு நாள்தான். வரதராசன்பேட்டைக்காரர். அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் வேலை. வருடக்கணக்காகப் பஸ்ஸிலேயே போய் வந்தவர். தங்கைகள் இருவருக்கும் கல்யாணம் முடிந்த பிறகுதான், தனக்கென்று ஒரு பெரிய பைக் வாங்க, சிறுவாச்சூரில் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

என் வீட்டுக்காரர் முத்துவேல், அடிபட்ட ரேஸ் பைக்குகளை வாங்கிச் சரிசெய்து விற்பவர். செபஸ்டின் பார்க்க வந்த சிவப்பு வண்டியின் பிரேம், ஹேண்டிலுக்குக் கீழே விரிசல் விட்டிருந்தது. வெல்டிங் வைத்துப் பெயிண்ட் அடித்தும் தழும்பு தெரிந்தது. வேகமாகப் போனால் அந்த இடம் மறுபடி முறியலாம். வெள்ளிக்கிழமை காளியம்மன் கோயிலில் வண்டிக்குப் பூஜை போட்டு வந்ததும், "அந்த எடத்துல சந்தனத்தப் பட்டையா வையி" என்றார். வைத்தேன். மேலே குங்குமமும் வைத்தேன். போன மாதம் அரும்பாவூர்க்காரர் ஒருவருக்கு விற்ற வண்டியிலும் வெல்டிங்கை அப்படித்தான் மறைத்தோம்.

செபஸ்டின் விவரமானவர். செயினை இழுத்துப் பார்த்தார். தரையில் படுத்து இன்ஜினுக்கு அடியில் டார்ச் அடித்தார். ஹேண்டிலுக்குக் கீழே வந்ததும் விரல் நின்றுவிட்டது.

"சாமி பொட்டுங்க. நான் கை வைக்கக் கூடாது."

"நம்பி எடுங்க தம்பி, பறக்கும்" என்றார் இவர்.

"அதாங்க பயம். ஏரோப்ளேன வாங்கிட்டு வந்துடாதடான்னு எங்கம்மா சொல்லி அனுப்புச்சு."

இருவரும் சிரித்தார்கள். நான் தண்ணீர்ச் செம்போடு கதவோரம் நின்றேன். செபஸ்டின் வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னார்: "அக்கா, எங்க வூட்டுல இதுல மாதா படம் ஒட்டுவாங்க. ஆனா நீங்க வச்ச பொட்ட யாரையும் அழிக்க விடமாட்டேன். அதுவா உதிர்ற வரைக்கும் இருக்கட்டும்."

சாவி அவர் கையில் இருந்தது. எனக்கு வெளியாட்களிடம் பேசிப் பழக்கமில்லை. முந்தானையை எடுத்துப் பொட்டை அழுத்தித் துடைத்தேன்.

"ஏ கிறுக்கி, என்னடி பண்ற?"

செபஸ்டின் குனிந்து தழும்பில் விரலை ஓட்டினார். பிறகு சாவியை சீட்டின் மேல் வைத்தார். "வரேன்க்கா" என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தார்.

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். பொட்டு வைத்த கை எது என்று அவருக்குத் தெரியும்.

"எவனோ ஒருத்தனுக்காக எம் பொழப்புல மண்ணப் போட்டுட்டியே!" என்று இவர் கத்தினார். நான் முந்தானையில் ஒட்டியிருந்த குங்குமத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அரும்பாவூர்க்காரரின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

"அவரு நம்பரக் குடுங்க" என்றேன்.

"எவன் நம்பரு?"

"அரும்பாவூர்க்காரரு. வெல்டிங் வச்ச வண்டின்னு சொல்லணும்."

இவர் சட்டைப்பையில் இருந்த போனைக் கையால் பொத்திக்கொண்டார்.