விறகு வெளியே இருக்கட்டும்

ஏழு வயதில் எனக்கு மூளைக் கட்டியை அறுத்து எடுத்தார்கள். அது திரும்ப வராமலிருக்கக் கரண்டும் வைத்தார்கள். கதிர் சிகிச்சையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். கட்டி போய்விட்டது. மறதி தங்கிவிட்டது. சிறு வயதில் கரண்டு வைத்தவர்களுக்கு இப்படி வரும் என்று டாக்டர் சொன்னார்.

ஆனைக்கரையில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் அடுப்பைப் பார்த்துக்கொள்வது என் வேலை. போன மழையில் ஒரு மதியம் விறகு போட்டேன். உடனே கூட வேலை பார்க்கும் சாந்தியக்கா வந்து பேச்சுக் கொடுத்தார். அவர் போனதும், போட்டோமா இல்லையா என்று தெரியவில்லை. மறுபடியும் போட்டேன். சூடு ஏறிக் கருகல் வாசம் வந்த பிறகுதான் கொள்ளியை வெளியே இழுத்தேன். ஒரு தட்டுக் காய் கருத்துப்போனது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் ஸ்டோரே எரிந்திருக்கும்.

சூப்பர்வைசர் அண்ணன் ஓடி வந்தார்.

"தலையில கரண்டு வச்சும் பல்பு எரியலையேடி! நாளையிலருந்து காய் பொறுக்கப் போ."

"போமாட்டேண்ணே. பல்பு எரியுது. நடுவுல யாராச்சும் பேசுனாத்தான் அணைஞ்சுருது. ஒரு வாரம் பாருங்க."

"அப்ப எம்மேலதான் குத்தமாக்கும்?" என்றார் சாந்தியக்கா.

"குத்தமில்லக்கா. பேசாம இருங்க, அம்புட்டுத்தான்."

அன்றிலிருந்து அடுப்புக்குப் பக்கத்தில் விறகே வைப்பதில்லை. போனில் வைத்திருக்கும் அலாரம் அடித்தால்தான் வெளியிலிருந்து ஒரு தடவைக்கு வேண்டியதைத் தூக்கி வந்து போடுகிறேன். கையில் விறகு இருக்கும்போது யார் பேசினாலும் பதில் சொல்ல மாட்டேன். திமிர் பிடித்தவள் என்கிறார்கள். சொல்லட்டும். அடுப்பு இன்னும் என் பொறுப்பில்தான் எரிகிறது.