குப்பம்மாவாக வளர்ந்த பிள்ளை

ஜெர்மன் சண்டைக்காலம். பட்டாளத்துப் பூட்சுக்காக ஆம்பூரின் தோல் பதனிடும் ஷாப்புகளில் ஓயாத வேலை. அங்கே ஆவாரம்பட்டை இடித்தவள் பட்டம்மாள். அவளுடைய மூத்த மகள் கண்ணம்மாள். அவளுக்குப்பின் பிறந்த இரண்டு ஆண்பிள்ளைகளும் நடை பழகுமுன்னே போய்ச் சேர்ந்தார்கள். கண்ணேறு என்றார்கள் கூட இடித்தவர்கள். பட்டம்மாளும் நம்பினாள். பிள்ளையைப் பறிகொடுத்தவள் எதைத்தான் நம்பமாட்டாள்?

அடுத்ததும் ஆணாகப் பிறந்தபோது, குப்பையில் போட்டு எடுத்து, மூக்குக் குத்தி, குப்பம்மா என்று பெயர் வைத்தாள். விரிஞ்சிபுரம் கோயிலில் மொட்டை போடும்வரை அவன் பெண்.

பாவாடை கட்டிவிட்டால் மட்டும் கண்ணேறு ஏமாந்துவிடுமா? பெண்ணை வளர்ப்பதுபோலவே வளர்க்கவேண்டுமே! அதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. செத்த பிள்ளைகளை மடியில் போட்டு, "என் ராசா, என் தொரை" என்று பால் குடித்து முடியும்வரை பேசியவள், இவனுக்கு வாய் திறக்காமல் பால் கொடுத்தாள். அழுதால் எழுந்து ஓடவில்லை.

"பொட்டக்கழுத, அழுவட்டும்" என்பாள், தெருவுக்கே கேட்கும்படி. உள்ளுக்குள் அவள் பட்ட பாடு சாமிக்குத்தான் தெரியும். கண்ணம்மாள்தான் தூளியை ஆட்டுவாள். யாரும் பாராதபோது முத்தமும் கொடுப்பாள்.

பக்கத்து வீட்டு நசீமுன்னிசாவுக்குப் பொறுக்கவில்லை. "இன்னா பட்டம்மா, கொயந்த சிரிக்கவே மாட்டேன்னுது. கொஞ்சம் கொஞ்சுனா இன்னா?"

"உசுரோட இருக்கட்டும்க்கா. சிரிப்பெல்லாம் அப்பால பாத்துக்கலாம்."

பிள்ளை பிழைத்தான். நடக்கவும் தொடங்கினான். மொட்டையும் போட்டாயிற்று, பாவாடையும் போயிற்று. வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகப் பட்டம்மாள் தரையில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் விரித்தாள்.

"வாடா என் ராசா! அம்மாகிட்ட வா!"

அவன் வரவில்லை. கண்ணம்மாளின் பாவாடையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். மறுபடி கூப்பிட்டாள். அழுதே விட்டான்.

பிறந்ததிலிருந்து பேசாத வாய் திடீரென்று கூப்பிட்டால் எந்தப் பிள்ளை வரும்? கண்ணேற்றை ஏமாற்றப்போய்ப் பிள்ளையை ஏமாற்றிவிட்டாள், பாவி.

அப்போதுதான் அவனை அணைத்துக்கொண்டு நின்ற கண்ணம்மாள் அவள் கண்ணில் பட்டாள். இவளும் குழந்தையில் இப்படித்தான், கூப்பிட்டால் வரமாட்டாள். அழுத்தக்காரி என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் பட்டம்மாளேதான். இவளைக் கொஞ்சாமல் விட்டதற்குச் சொல்லிக்கொள்ள ஒரு கண்ணேறுகூட இல்லை.

"நீயும் வாம்மா, என் தங்கம்" என்றாள்.

கண்ணம்மாள் தனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தாள்.