பின்னால் நின்று பேசியவர்

வெள்ளிக்கிழமை மாலை நாலேகாலுக்குச் செய்தி வந்தது. எத்திராஜ் மாமா போய்விட்டார். ஐந்து மணிக்கு அவர் எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தது.

சத்தியவேட்டில் தெருக்கூத்து பார்த்தவர்களுக்குக்கூட அவர் முகம் நினைவிருக்காது. நாற்பது வருடமாகப் பின்பாட்டுக்காரர். வேஷம் கட்டியவன் விட்ட அடியைப் பின்னால் நின்று எடுத்துக் கொடுப்பார்.

பேச்சு நின்றுபோன வீடுகளிலும் அதையே செய்தார். வாய் திறக்காதவர் பின்னால் நின்று, அவர் மனதில் இருப்பதாகத் தனக்குத் தோன்றுவதைச் சொல்வார். தப்பென்றால் உட்கார்ந்திருப்பவரே திருத்த வேண்டும். மாமியார் இடத்தில் மருமகளை உட்கார வைத்து, மாமியாராகவே பேசச் சொல்வார். முடிந்ததும் அவரவர் இடத்துக்குத் திரும்பித் தன் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும்.

"அரிதாரம் கலைக்காம ஊட்டுக்குப் போவக்கூடாது" என்பார்.

"ஊரு மனசெல்லாம் தெரியும், எனுக்கு இன்னா வேணும்னு மட்டும் தெரியாது" என்பாள் அவர் மனைவி செங்கம்மா.

மாநில எல்லை மாறுவதால், ஏப்ரல் முதல் தேதி எங்கள் ஊர் ஆந்திராவுக்குப் போகிறது. அண்ணன் கோவர்த்தனன் தமிழ் வாத்தியார். இங்கேயே இருப்பதா, மதராஸ் பக்கம் போவதா என்று திங்கட்கிழமைக்குள் சர்க்காருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். நிலத்தை விட்டு வரமாட்டேன் என்ற நைனா, எங்கள் அப்பா, இரண்டு மாதமாக அவனோடு பேசவில்லை. நான்தான் மாமாவைக் கூப்பிட்டேன்.

செவ்வாய்க்கிழமை வந்தவர், நைனாவை அண்ணனின் முக்காலியிலும் அண்ணனை நைனாவின் கட்டிலிலும் உட்காரச் சொன்னார்.

"இன்னாய்யா, கெழவனுக்கு வேஷமா?" என்றார் நைனா.

"கூலி கேக்கமாட்டேன், குந்து மச்சான்."

நைனா முக்காலியில் உட்கார்ந்து துண்டை மடித்துக்கொண்டிருந்தார். மாமா அவர் பின்னால் போய் நின்று, அண்ணன் பேசுவதுபோல், "நைனா, உன்னவிட எனுக்கு உத்தியோகந்தான் பெருசு" என்றார்.

நைனா இல்லையென்று வேகமாகத் தலையசைத்து, அண்ணனாகவே திருத்தினார். "அது இல்ல. நான் பூட்டா நீ தனியா துன்னுக்கினு கெடப்பியே நைனா, அதான் பயமா கீது."

அண்ணன் நைனாவாக இருந்து பதில் சொல்ல வாயெடுத்தான். அதற்குள் மாமாவுக்கு இருமல் வந்தது. தூணைப் பிடித்துக்கொண்டார், முகமெல்லாம் வியர்வை.

"வெள்ளிக்கெழம வந்து முடிச்சிர்றேன்" என்று கிளம்பிவிட்டார். இடம் மாற்றவில்லை, பெயர் சொல்ல வைக்கவில்லை. அவர் அப்படிப் போய் நான் பார்த்ததில்லை. டாக்டரிடம் போங்கள் என்று சொல்லாமல், எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று கேட்டேன்.

இன்று, சனிக்கிழமை, அவரை எடுத்தார்கள். திரும்பி வந்த நைனா, செவ்வாய்க்கிழமை போலவே, முக்காலியில் உட்கார்ந்தார், அண்ணன் கட்டிலில். நாளை ஒரு நாள்தான் இருக்கிறது. எழுதிக் கொடுக்க வேண்டிய தாள் வெறுமையாக இருக்கிறது. நைனாவாக இருந்து அண்ணன் சொல்ல வேண்டிய பதிலை இன்னும் சொல்லவில்லை.