கோழிக்காகக் கூடிய பஞ்சாயத்து

ஏழுமலை மேஸ்திரி போய்விட்டார் என்ற செய்தி, ஷிப்டு முடிந்து நான் கஞ்சிக் கலயத்தைத் திறந்தபோது வந்தது. "அடைச்சிக் கெடந்த லெவல்ல மொதல்ல அவரே எறங்கனாரு. விஷக்காத்து அடிச்சிடுச்சி," என்றான் அவருடைய ஆள். "கோழிய எறக்கலியாடா?" என்று கத்திவிட்டேன். "எறக்கலீங்க," என்றான்.

மாரிகுப்பம் தொழிலாளர் லைனில் அவரை அறிந்த உங்களுக்கு அந்தக் கோழியையும் தெரியும். தங்கச் சுரங்கத்தில் நெடுநாள் அடைத்துக் கிடந்த லெவலுக்குள், அதாவது அடித்தளத்துக்குள், ஆட்களை விடுமுன், விஷக்காற்று இருக்கிறதா என்று பார்க்க மூங்கில் கூண்டில் அதை வைத்துக் கயிற்றில் இறக்குவார். சற்று நேரத்தில் இழுத்துப் பார்ப்பார். மெழுகுவத்தி போதாதா என்று ஒருமுறை கேட்டேன். "சில விஷக்காத்துல வத்தி நல்லாத்தான் எரியும்பா. நாமதான் அணைஞ்சிடுவோம்," என்றார்.

ஒருநாள் கோழி கழுத்து தொங்கி மேலே வந்தது. ஆட்களை நிறுத்திவிட்டு, அதை மடியில் போட்டுத் தலைப்பாகையால் விசிறிக்கொண்டே இருந்தார். அது கண் திறந்த பிறகே அவர் முகம் தெளிந்தது. "அதுக்கும் உசுருதானே. அதான் சட்டுனு இழுத்துடறேன்," என்றார்.

இதற்குத்தான் லைன்காரர்கள் பஞ்சாயத்து கூட்டினார்கள்! வாயில்லா ஜீவனை வைத்துச் சோதனை செய்வது மகா பாவமாம். சொன்னவர்கள் யார்? ஞாயிறு தவறாமல் கோழிக் குழம்பு வைப்பவர்கள். சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாப்ட் வாயில் இருக்கும் முனீஸ்வரனுக்குச் சேவல் அறுப்பவர்கள். கேட்டால், "சாமிக்கு அறுக்கறது வேறங்க," என்கிறார்கள். நான் வாதாடியதுதான் மிச்சம். ஏழுமலை ஒன்றே ஒன்று கேட்டார்: "அப்போ யாரை எறக்கறதுங்க?" கோழியை இறக்கினால் அவரோடு எவரும் வேலைக்கு வருவதில்லை என்று மட்டும் முடிவு செய்தார்கள். அவரும் கட்டுப்பட்டார்.

அவர் போன அன்று, ஆட்களை நிறுத்திவிட்டு, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு அவரே இறங்கியிருக்கிறார். உள்ளிருந்து அவர் குரல் வராமல் போகவே இழுத்தார்கள். கோழியைப் போல மனிதரைச் சட்டென்று இழுக்க முடியுமா?

மறுநாளே தோஷம் கழிய ஷாப்ட் வாயில் இரண்டு சேவல்களை அறுத்தார்கள். அட கர்மமே! அங்கே எவருக்கும் பாவம் பார்க்கத் தோன்றவில்லை.

அவருடைய கூண்டும் கோழியும் இப்போது என்னிடம் இருக்கின்றன. நானும் மேஸ்திரிதான்; திங்களன்று அதே லெவலுக்கு என் ஆட்கள் போக வேண்டும். முதலில் கோழிதான் இறங்கும். அது துவண்டு வந்தால் நானும் மடியில் போட்டு விசிறுவேன். மனம் பொறுக்காதவர்கள் தாராளமாக வரலாம். அவர்கள் இடுப்பில் கட்டவும் கயிறு வைத்திருக்கிறேன்.