வாயைப் பொத்தி அழுதவள்

இங்கிலாந்தில் நாங்கள் குடியிருந்த தெருவில் பட்டப்பகலிலும் ஓசை இருக்காது. மகளுக்கு ஒன்றரை வயதாகும்போது, "குழந்தை அழுவது எங்களுக்குக் கேட்கிறது" என்று பக்கத்து வீட்டுக்காரர் கடிதம் எழுதி, கதவிடுக்கில் போட்டுவிட்டுப் போனார். கீழே நன்றி வேறு. நேரில் வந்து கத்தியிருந்தால் நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். ஒருவேளை அக்கறையாகத்தான் எழுதினாரோ என்னவோ. நான் கேசரி கிண்டி எடுத்துப்போய் மன்னிப்புக் கேட்டேன். அன்றிலிருந்து மகள் சிணுங்கினாலே "உஷ்" என்றேன்.

மஞ்சக்குப்பத்திலிருந்து அம்மா போனில் சிரித்தாள். "புள்ளன்னா அழத்தான்டி செய்யும். நீ அழுதா கிரவுண்டு வரைக்கும் கேக்கும்."

மறுவருடம் விடுமுறைக்கு வந்தபோது, சிதம்பரத்தில் மாமியார் வீட்டு வாசற்படியில் மகள் தடுக்கி விழுந்தாள். முட்டியில் ரத்தம். இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"எவ்ளோ அடக்கமா வளத்துருக்கா பாருங்க, எம் மருமவ" என்று எதிர்வீட்டு அம்மாவிடம் மாமியார் பெருமைப்பட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கடிதத்தின் மேல், அந்தத் தெருவின் மேல், எல்லாவற்றுக்கும் மேலாக என் மேல். மகளின் கைகளை இழுத்து விலக்கினேன்.

"அழுடி! வாய் விட்டு அழு!"

என் சத்தத்தில் மிரண்டுபோய், அவள் இன்னும் இறுக்கிப் பொத்திக்கொண்டாள்.